நிறுத்தாமல் போட்ட ஊசி

போன வாரம் மருமகளைப் பெரிய டாக்டரின் அறையில், கையில் ஒரு தாளோடு நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். அதற்காக எனக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமில்லை. "மாமியாரின் காதைப் போக்கியவளை இன்னும் எத்தனை வாரம் வீட்டில் வைத்திருப்பீர்கள்?" என்று ஒரு வாசகி. "வேண்டுமென்று செய்தாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள், தூக்கம் வரவில்லை" என்று இன்னொருவர். வேண்டுமென்று செய்யவில்லை அம்மா, தூங்குங்கள். அப்படிச் செய்திருந்தால் அவளை நாலு திட்டு திட்டிவிட்டு இந்தக் கதையை எப்போதோ முடித்திருப்பேன்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் ஒரு டாக்ஸி கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவர். காதில் ஹெட்போன், முன்னால் மைக். எந்த வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது, எந்த டிரைவர் இன்னும் சாப்பிடவில்லை, எவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. டிரைவர்கள் அவர் முகத்தைப் பார்த்ததைவிடக் குரலைக் கேட்டதுதான் அதிகம். அவர்களுக்கு அவர் கன்ட்ரோல் அக்கா. வீட்டில் மகனும் அம்மாவைக் கிண்டலாக 'கன்ட்ரோல்' என்றுதான் கூப்பிடுவான்.

சிறுநீரகத்தில் தொற்று வந்து, அது ரத்தத்தில் கலந்து, அனலாகக் கொதித்த உடம்போடு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருமகள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரி. ஆனால் அவள் குழந்தைகள் வார்டு டாக்டர். மாமியாரைக் கவனித்தது வேறு வார்டு, வேறு டாக்டர்கள். காய்ச்சலை அடக்க அவர்கள் ஒரு வலுவான ஊசி எழுதினார்கள். நல்ல மருந்துதான். ஆனால் அதை நாள் கூட்டிப் போடக்கூடாது, போட்டால் காதின் உள்பக்கத்தை அரித்துவிடும். 'ஐந்து நாளோடு நிறுத்தவும்' என்று மருந்துத் தாளின் ஓரத்தில் எழுதியும் இருந்தது.

அங்கே ஒரு வழக்கம். மருந்துத் தாள் நிறைந்துவிட்டால், ஒரு டாக்டர் புதுத் தாளில் எல்லாவற்றையும் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதற்குப் பிறகுதான் நர்ஸ் அடுத்த வேளை மருந்தைத் தொட முடியும். கன்ட்ரோல் அக்காவின் தாள் நிறைந்த சமயம் பார்த்து, வார்டு டாக்டர் ஓர் அவசர கேஸுக்கு ஓடிவிட்டார். மாமியாரை எட்டிப் பார்க்க வந்த மருமகளிடம் நர்ஸ், "மேடம், இதை மட்டும் மாத்தி எழுதிக் குடுத்துடுங்களேன், ஊசிக்கு நேரமாச்சு" என்று கெஞ்சினாள். இவளும் எழுதிக் கொடுத்தாள். மருந்தின் பெயர் சரி, அளவு சரி, வேளை சரி. ஓரத்தில் இருந்த குறிப்பு மட்டும் பழைய தாளோடு ஃபைலின் அடிக்குப் போய்விட்டது.

அடுத்தவர் நோயாளி, நாம் மூக்கை நுழைக்கக்கூடாது என்று இவள் கண்ணில் பட்டதை அப்படியே எழுதினாள். நோயாளியின் வீட்டு டாக்டரே எழுதியிருக்கிறாள், நாம் என்ன கேட்பது என்று வார்டு டாக்டர்கள் அப்படியே விட்டார்கள். ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே ஊசியை மூன்றாவது வாரம் வரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காய்ச்சல் போயிற்று. காதும் போயிற்று, இரண்டு காதும்.

அந்த இரண்டாவது தாளைத்தான் போன வாரம், மாமியார் இருந்த வார்டுக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் மருமகளிடம் காட்டினார். இன்றைக்குக் குடும்பத்தை உட்கார வைத்து நடந்ததை விளக்க ஆஸ்பத்திரி நாள் குறித்திருக்கிறது. புருஷனுக்கோ மாமியாருக்கோ அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

*

காலையில் மருமகள் எழுந்து வந்தபோது சமையலறைக் குழாய் திறந்து கிடந்தது. தொட்டி நிறைந்து, தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் அக்கா அதற்கு முதுகைக் காட்டியபடி ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். பாதத்தில் ஈரம் பட்டதும்தான் திரும்பினார்.

"மூடினேனே! நான் மூடினேன்!"

தெருவில் பால் வாங்கப் போனவர் நின்று அண்ணாந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம். குரலின் அளவு அவர் கையைவிட்டுப் போயிருந்தது. மருமகள் ஒன்றும் சொல்லாமல் குழாயை மூடித் துணியைப் போட்டுத் துடைத்தாள். சொன்னால் மட்டும் என்ன ஆகப்போகிறது?

வீட்டில் இப்போது பேச்சு என்பது ஒரு வெள்ளைப் பலகைதான். ஸ்லேட் அளவில் இருக்கும். எழுதி, காட்டி, அழிக்கவேண்டும். பேசுவதைக் கேட்டுத் தானே எழுதிக் காட்டும் வசதியை மகன் அவர் போனில் போட்டுக் கொடுத்தான். அது எழுதிய அபத்தங்களைப் படித்து அவர் முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் போனை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார். மகனுக்கோ எழுதப் பொறுமை கிடையாது. 'சாப்டியா', 'வரேன்', 'சரி' என்று மூன்றே வார்த்தையில் தாய்க்கும் பிள்ளைக்கும் நாள் கழிந்துவிடும். உட்கார்ந்து எழுதுகிறவள் மருமகள் ஒருத்திதான்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் போகாத நகங்களோடு நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இன்னைக்கு நீ மேஜைக்கு எந்தப் பக்கம் உக்காருவ?"

"இது என்ன கேள்வி? அத்தை பக்கம்தான்."

"அப்ப நீயே கேளு. எனக்கு அந்த மருந்துப் பேரு வாயில நுழையாது."

"என்ன கேக்கணும்?"

"ஒண்ணே ஒண்ணுதான். யாரு எழுதினது?"

மருமகள் துணியைப் பிழிந்தாள். இன்னொரு முறை பிழிந்தாள்.

"ஒருத்தரை மட்டும் சொல்ல முடியாதுங்க. எழுதினது ஒருத்தர், தினமும் பாத்தும் கேக்காம விட்டது பல பேரு."

"எங்க வேலையில அப்படிச் சொல்லிப் பாரேன். லிஃப்ட் பாதியில விழுந்தா என்னைக் கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேப்பாங்க. ரோப்பா, பிரேக்கா, எவன் கடைசியா கை வெச்சான்? 'எல்லாரும் சேர்ந்து'ன்னு சொன்னா செருப்பாலயே அடிப்பாங்க."

"என்னங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவன் அருகில் வந்து அவள் தோளில் கையை வைத்தான். "தெரியும்டி. நீ அங்க வேலை பாக்கற. நாளைக்கு அந்த மூஞ்சிங்களைத்தான் பாக்கணும். சங்கடமாத்தான் இருக்கும். ஆனா நீ நம்ம ஆளு. அது போதும் எனக்கு."

திட்டியிருந்தால் சொல்லியிருப்பாள். இப்படிச் சொன்ன பிறகு எந்த வாயால் சொல்வது? அவன் டூல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலையில் ஓர் இடத்தில் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் புறப்பட்டான். அம்மாவின் முன்னால் போய்க் கையை ஆட்டினான். அவரும் ஆட்டினார். ரயில் புறப்பட்ட பிறகு ஆட்டுவதுபோல் இருந்தது.

*

ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸி வந்தது. கன்ட்ரோல் அக்காவின் கம்பெனி வண்டிதான். ஓட்டி வந்தவன் 'சோடாபுட்டி'. அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் பெயர்க் காரணம் கேட்கத் தோன்றாது.

கன்ட்ரோல் அக்கா முன் சீட்டில்தான் ஏறுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். காது போனபோது உடம்பின் நிதானமும் சேர்ந்து போயிருந்தது. நடந்தால் தரை ஆடுகிறது என்பார். மருமகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, காலால் துழாவித் துழாவி ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டதும் முதல் வேலையாக டாஷ்போர்டில் இருந்த ரேடியோப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"யாருடா இன்னைக்கு லைன்ல?" என்று கேட்டார்.

ரேடியோ கரகரத்துக்கொண்டுதான் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் வண்டி நம்பரும் தெருவும் சொல்லிக்கொண்டே போனாள். சோடாபுட்டி என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியில் மருமகளைப் பார்த்தான்.

"அக்கா இல்லாம என்னவோ மாதிரி இருக்கும்மா" என்றான். "இந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். நம்பரைச் சொல்லும், வெச்சிடும். அக்கான்னா அப்படியா? எங்கப்பா செத்த வருஷம் எனக்குத் தூக்கமே வராது. நைட் டூட்டியில வண்டியை ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். அக்கா லைன்ல வந்து, 'டேய், ஏன் அங்கயே நிக்கற? ஏதாவது பேசு, நான் கேக்கறேன்'ங்கும். விடியற வரைக்கும் கேக்கும்மா. நடுவுல மத்த வண்டிக்கும் பதில் சொல்லிக்கிட்டே கேக்கும். இப்ப அதுக்கு யாரு பேசறது?"

"என்ன சொல்றான்?" என்றார் கன்ட்ரோல் அக்கா.

பின் சீட்டிலிருந்து மருமகள் எழுதி நீட்டினாள்: 'எல்லாரும் உங்களை விசாரிச்சாங்களாம்.'

அவர் அதைப் படித்தார். பலகையைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நேரம் வாயசைச்சான். கண்ணு கலங்கிச்சு. நீ மூணு வார்த்தையில முடிச்சிட்ட. எல்லாரும் எனக்கு இப்படித்தான் பண்றீங்க. விருந்து சாப்பிட்டுட்டு எனக்கு ஏப்பத்தைக் குடுக்கறீங்க."

மருமகளுக்கு முகம் சிவந்துவிட்டது. பலகையை வாங்கி, சோடாபுட்டி சொன்னதை எல்லாம், அப்பா செத்தது முதல், ஒன்று விடாமல் எழுதினாள். இடம் போதாமல் அழித்து அழித்து எழுதினாள். கன்ட்ரோல் அக்கா ஒவ்வொரு தடவையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் கையை நீட்டி சோடாபுட்டியின் தலையில் ஒரு குட்டு வைத்தார். வண்டி கொஞ்சம் ஆடித்தான் போயிற்று.

*

ஆஸ்பத்திரியில் மாமியாரைக் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மருமகள் மேலே போனாள். பெரிய டாக்டர் தன் அறைக்கு வெளியிலேயே நின்றிருந்தார். அன்றைக்கு அவர் கோட் போட்டிருக்கவில்லை. கோட் இல்லாமல் பார்த்தால் அவரும் யாரோ ஒரு வீட்டு அப்பா மாதிரி இருந்தார்.

"நீ உள்ள வர வேணாம்மா" என்றார். "ரெண்டு பக்கமும் நீ இருக்க முடியாது. நான் பேசிக்கறேன். உன் பேரு வராது."

"அவர் கேப்பாரு சார். யாரு எழுதினதுன்னு."

"கேக்கட்டும். தாளை மாத்தி எழுதற முறையே தப்புன்னு சொல்லுவேன். அது பொய் இல்லையே! நீ எழுதலைன்னா அன்னைக்கு வேற ஒருத்தர் எழுதியிருப்பாங்க. அவங்களும் ஓரத்தைப் பாத்திருக்க மாட்டாங்க."

"பாத்திருக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும்தான் தினமும் அந்தக் கட்டில் பக்கத்துல நின்னேன். காய்ச்சல் இல்லை, நல்லா இருக்காங்கன்னு தாண்டிப் போனேன். இந்த ஊசிக்கு நடுவுல ரத்தம் எடுத்து மருந்து எவ்வளவு தங்கியிருக்குன்னு பாக்கணும். ஏன் பாக்கலைன்னு நான் கேட்டிருக்கணும். உன் கையெழுத்தைப் பாத்ததும் கேக்கத் தோணலை. இதை இன்னைக்கு உள்ள நான் என் வாயால சொல்லத்தான் போறேன்."

"உங்களுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு சார்." மருமகளின் குரல் அடங்கிப் போயிற்று. "ஊசி போட்டுட்டு இருக்கும்போதே அத்தை என்கிட்ட சொன்னாங்க. காதுக்குள்ள என்னவோ சத்தம் கேக்குதுன்னாங்க. காய்ச்சல் வந்த உடம்பு, சரியாயிடும் அத்தைன்னேன். டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு டூட்டிக்குப் போயிட்டேன்."

காரிடாரில் மருந்து வண்டி ஒன்று உருண்டு போயிற்று. இந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். செய்தி பரவிய நாளிலிருந்து கேன்டீனில் அவள் உட்காரும் மேஜைக்கு யாரும் தட்டோடு வருவதில்லை. வெறுப்பு ஒன்றும் இல்லை. என்ன பேசுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். வெறுப்பாக இருந்தால்கூட யாராவது வந்து நாலு வார்த்தை பேசியிருப்பார்கள்.

*

கூட்ட அறையில் ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம் பெரிய டாக்டரும் நிர்வாக அதிகாரி அம்மாவும். இந்தப் பக்கம் மகனும் கன்ட்ரோல் அக்காவும். பேசுவதை எழுதிக் காட்ட ஆஸ்பத்திரியில் ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துத் தயாராக இருந்தார்.

கன்ட்ரோல் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவர் யாரு? எங்க என் மருமக?"

மகன் எழுந்து போய்க் கதவைத் திறந்தான். மருமகள் வெளியே சுவரோரம் நின்றிருந்தாள். "இங்க ஏன் நிக்கற? அம்மா தேடறா, வா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் உட்கார வைத்தான். பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் பலகையைப் பார்த்தாள்.

"சுருக்காம எழுது" என்றார் கன்ட்ரோல் அக்கா. "ஒரு வார்த்தை விடக்கூடாது."

பெரிய டாக்டர் நிதானமாகப் பேசினார். முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஊசியைப் பற்றி, தாள் நிறைந்ததைப் பற்றி, ரத்தப் பரிசோதனை விட்டுப்போனதைப் பற்றி, தான் கட்டிலருகே நின்றும் கேட்காததைப் பற்றி. நிறுத்தும் தேதி இல்லாத ஊசியை இனிமேல் நர்ஸ் அலமாரியிலிருந்து எடுக்கவே முடியாதபடி மாற்றிவிட்டோம் என்றார். காதுக்குள் கருவி வைக்கும் அறுவை சிகிச்சைக்கு வழி உண்டா என்று பார்க்கிறோம், ஆனால் பழைய காது திரும்பாது என்றார். எதையும் மழுப்பவில்லை. மருமகள் எழுதினாள், காட்டினாள், அழித்தாள். கன்ட்ரோல் அக்கா தலையை ஆட்டி ஆட்டிப் படித்தார்.

மகன் முன்னால் சாய்ந்தான். "எல்லாம் சரி சார். அந்த ரெண்டாவது தாளை எழுதினது யாரு?"

"வார்டு டாக்டர் இல்லை. உதவிக்கு எழுதிக் குடுத்த ஒரு டாக்டர்."

"பேரு?"

"பேரு வேண்டாமே தம்பி. பேரைச் சொல்லி ஒருத்தரைத் தூக்குல போட்டா, நாளைக்குத் தப்புப் பண்ற எந்த டாக்டரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அப்புறம் யாருக்கு என்ன ஊசி போச்சுன்னு யாருக்குமே தெரியாம போயிடும்."

"நான் யாரையும் தூக்குல போடச் சொல்லலை. எங்கம்மா முகத்தைப் பாத்து ஒருத்தர் 'நான்தான்'னு சொல்லணும். அது கூடாதா?"

நிர்வாக அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரிய டாக்டர் கையை அசைத்து அவரை நிறுத்தினார். யாரும் பேசாததைப் பார்த்து கன்ட்ரோல் அக்கா மருமகளின் முழங்கையை இடித்தார்.

"என்ன கேட்டான்? அவர் என்ன சொன்னார்? எழுதுடி."

மருமகள் எழுத ஆரம்பித்தாள். பேனா பலகையில் கீச்சிட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது, ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும்.

'அந்தத் தாளை எழுதினது யார் என்று கேட்கிறார். டாக்டர் பேர் சொல்லமாட்டேன் என்கிறார். எழுதினது நான் அத்தை. ஓரத்தைப் பார்க்காமல் விட்டது நான். காதில் சத்தம் என்று நீங்கள் சொன்னபோது காய்ச்சல் என்று சொன்னதும் நான்தான்.'

பலகையை மாமியார் பக்கம் மட்டும் சாய்த்துக் காட்டினாள். கோழைத்தனம்தான். ஆனால் அதற்குமேல் அவளால் முடியவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் அதைக்கூட எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை.

கன்ட்ரோல் அக்கா படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு மகன் எட்டிப் பார்க்குமுன் பலகையை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார். கறுப்பு மை கையெல்லாம் ஒட்டியது. மருமகளின் தோளை இழுத்துத் தன் பக்கம் சாய்த்து, அவள் காதருகே வாயை வைத்து ரகசியம் சொன்னார்.

"நீதான் எழுதினன்னு இவனுக்குத் தெரியவேண்டாம். தாங்கமாட்டான். வாயைத் திறக்காத."

ரகசியம் என்று அவர்தான் நினைத்தார். கதவுக்கு வெளியே போன நர்ஸ்கூட நின்று திரும்பிப் பார்த்தாள்.

கன்ட்ரோல் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரிய டாக்டர் மேஜையைப் பார்த்தார். மருமகள் கண்ணை மூடியிருந்தாள். மகனின் முகத்துக்கு வந்ததும் அவர் பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு? ஏன்டா அப்படிப் பாக்கற?"

மகன் அம்மாவைப் பார்க்கவில்லை. "காலையில நீ சொல்ல வந்தது இதுதானா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"ஆமா."

"நான் உன்னை நம்ம ஆளுன்னேன்."

"சொன்னீங்க."

"அதைக் கேட்டுட்டுப் பேசாம இருந்துட்ட."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். டூல் பையை எடுத்துக்கொண்டான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்க போறான் இவன்? யாராவது சொல்லுங்களேன்!" என்று கன்ட்ரோல் அக்கா கத்தினார்.

மருமகள் பலகையை எடுத்து எழுதினாள். 'நீங்க சொன்னது எல்லாருக்கும் கேட்டுடுச்சு அத்தை.'

அதைப் படித்த பிறகு அவர் குரல் சட்டென்று சிறுத்துப் போனது. "சத்தமாவா சொன்னேன்?" என்று கேட்டார். உதட்டைப் பார்த்திருக்காவிட்டால் அது யாருக்கும் புரிந்திருக்காது.

*

கீழே வாசல் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாடியிலிருந்து இறங்கும்போது மருமகள் நீட்டிய முழங்கையை கன்ட்ரோல் அக்கா பிடிக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினார். இரண்டு இடத்தில் தடுமாறினார். மருமகள் கையை நீட்டியபடியே பக்கத்தில் வந்தாள், தொடவில்லை.

"அவனுக்குப் போன் பண்ணினியா?"

'பண்ணினேன். ஆஃப் பண்ணி வெச்சிருக்கார்.'

"எங்க போயிருப்பான்?"

'தெரியலை அத்தை.'

ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஒரு குழந்தை வீல் வைத்த ஷூவோடு சறுக்கிக்கொண்டு போயிற்று. வெயில் அவர்கள் காலுக்கு வந்து, மடிக்கு ஏறியது. கன்ட்ரோல் அக்கா மை படிந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அவன்கிட்ட மறைச்சேன்னா அது உனக்காகன்னு நினைக்காத" என்றார், யாரையும் பார்க்காமல். "உன்னை மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லலை. அது இப்ப எனக்கு வராது. எப்ப வரும்னும் தெரியாது. சத்தம் கேக்குதுன்னு உன்கிட்டதான் சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லலை. என் மருமக டாக்டர், அவளுக்குத் தெரியும்னு இருந்தேன். நினைச்சா வயிறு எரியுது."

மருமகள் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"உன்னை வீட்டை விட்டுப் போன்னு சொல்லணும்னுகூட இருக்கு. சொல்லுவேன். சொல்லிட்டு?" அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "அவன் எனக்கு 'சாப்டியா'ன்னு எழுதுவான். நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் என் பொழுது. உன் மேல இருக்கிற இந்தக் கோவத்தைக்கூட நான் உன்கிட்டதான் சொல்லியாகணும். வேற யாருடி எனக்கு உக்காந்து பதில் எழுதப் போறாங்க?"

பதிலுக்காக அவர் பலகையைப் பார்த்தார்.

மருமகள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். மன்னிப்பு என்ற வார்த்தையில் ஆரம்பித்து, அழித்தாள். பிறகு இரண்டே வார்த்தை எழுதி, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

'திட்டுங்க அத்தை.'

கன்ட்ரோல் அக்கா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார். வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் தலையைக் குனியாமல் அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.